பாடகர் போன பிறகுதான் பாட்டு வந்தது

கேள்வி இதுதான். பேட்டில்ஸ் (Battles) என்ற அமெரிக்க ராக் குழுவின் 'மிரர்ட்' ஆல்பத்தைக் கேட்டுப் பித்துப் பிடித்த ஒருவர், அந்தச் சூட்டோடு அடுத்த ஆல்பமான 'கிளாஸ் டிராப்'பையும் போட்டிருக்கிறார். "நாலு பேரில் ஒருத்தர்தானே போனார்? ட்ரம்மர் அதே ஆள், கிட்டார் அதே ஆட்கள். அப்புறம் ஏன் வேறு குழு மாதிரி இருக்கிறது? டயோண்டாய் பிராக்ஸ்டன் போனதால் கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார்.

கெட்டுப்போகவில்லை என்பது என் கட்சி. மாறியது உண்மை. ஆனால் பலரும் சொல்கிற திசையில் மாறவில்லை. குரல் கொடுத்தவர் போனார், அதனால் வெறும் வாத்திய இசை ஆகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் பாடகர் என்று பெயர் வாங்கியவர் போன பிறகுதான் இந்தக் குழுவில் முதன்முதலாகப் 'பாட்டு' என்று சொல்லத்தக்கது வந்தது. இது விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2002-ல் நியூயார்க்கில் தொடங்கிய குழு. நாலு பேரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இயன் வில்லியம்ஸ், பிட்ஸ்பர்க்கின் டான் கபாலெரோ குழுவில் இரண்டு கை விரல்களாலும் கிட்டார் கழுத்தைத் தட்டித் தட்டி வாசித்துப் பேர் வாங்கியவர். ஜான் ஸ்டேனியர், 1990-களில் ஹெல்மெட் குழுவின் ட்ரம்மர். கனமான, இறுக்கமான அடி. டேவ் கொனோப்கா, லிங்க்ஸ் என்ற குழுவிலிருந்து வந்தவர். கிட்டார், பேஸ், ஒலியை உருமாற்றும் பெடல்கள் அவர் பொறுப்பு. நாலாவது ஆள் பிராக்ஸ்டன். ஜாஸ் உலகில் பெரிய பெயரான ஆண்டனி பிராக்ஸ்டனின் மகன். கிட்டார், கீபோர்டு, குரல் மூன்றும் வைத்திருந்தார்.

2004-ல் வந்த அவர்களுடைய முதல் இ.பி.க்களை, அதாவது சில தடங்கள் மட்டுமுள்ள சிறு ஆல்பங்களை, கேட்டவர்கள் குறைவு. பிறகு 2006-ல் வார்ப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவற்றைச் சேர்த்து வெளியிட்டது. அவற்றில் பாட்டு என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. துண்டு துண்டான கிட்டார் ஒலிகள், மணிக்கூண்டுக் கடிகாரம் மாதிரி ஒன்றை ஒன்று கடித்துச் சுற்றுகிற வடிவங்கள், நடுவில் ஸ்டேனியர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'மிரர்ட்' தான் இவர்களுடைய அசல் முகம், பிற்பாடு அதிலிருந்து வழுவிவிட்டார்கள் என்று நினைப்பது பிழை. 'மிரர்ட்' வழியில் வந்த ஒரு ஊர். புறப்பட்ட ஊர் வாத்திய இசைதான்.

இனி லூப் விஷயம். பேட்டில்ஸ் இசையின் எலும்பே அதுதான், அதை விட்டுவிட்டுப் பேசினால் எதுவும் நிற்காது. லூப் பெட்டியின் வேலை எளிது. காலால் ஒரு மிதி. நீங்கள் வாசிப்பது பதிவாகத் தொடங்கும். இன்னொரு மிதி, பதிவு நின்று, அதுவரை வாசித்தது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன் மேல் இன்னொன்றை வாசித்து அடுக்கலாம். எல்லாமே அந்த இரண்டாவது மிதியில்தான் இருக்கிறது. ஒரு மயிரிழை தாமதமானாலும் போச்சு.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டியவன். இரண்டாவது மிதி கொஞ்சம் பிந்தி விழுந்ததில் லூப் ஒவ்வொரு சுற்றிலும் லேசாக நொண்டியது. கூட ட்ரம்ஸ் வாசித்த நண்பன் முதல் பத்துச் சுற்று அந்த நொண்டலுக்கு ஏற்றபடி தானும் நொண்டிப் பார்த்தான். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "டேய், உன் பெட்டிக்குக் காது இல்லைடா" என்றான். பேட்டில்ஸ் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தைவிடவும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. சாதாரணமாக ஒரு ராக் குழுவில் வேகத்தைத் தீர்மானிப்பவர் ட்ரம்மர். மற்றவர்கள் அவரைக் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். லூப் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். லூப் யாரையும் கேட்காது. ட்ரம்மர்தான் அதைக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பின்னால் ஓடுவது தெரியாமல் ஓட வேண்டும்.

முதல் பேட்டில்ஸில் மூன்று பேர் லூப் போடுகிறவர்கள். ஒருவர் மட்டும் போடாதவர். மூன்று காதில்லாத பெட்டிகள், ஒரு மனிதன். ஸ்டேனியர் தன் கிராஷ் சிம்பலை, ஓங்கி அடிக்கிற அந்த உலோகத் தட்டை, தலைக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் மாட்டி வைத்திருப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். எழும்பி, கையை முழுக்க நீட்டினால்தான் எட்டும். அதைச் சிலர் பாவனை என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கட்டுப்பாடு தெரிகிறது: எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் வேண்டாத இடத்தில் கை தானாக அங்கே போகாது. அந்த சிம்பல் விழுகிறது என்றால் முடிவு பண்ணி விழுகிறது.

சரி, குரலுக்கு வருவோம். 2007 மே மாதம் 'மிரர்ட்' வந்தது. 11 தடங்கள். அதில் எல்லோரும் பிடித்துக்கொண்டது 'அட்லஸ்'. தொடக்கத்தில் ட்ரம்ஸ் மட்டும், கால்களை ஓங்கி மிதித்து நடக்கிற மாதிரி. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து டெக்னோவில் 'ஷாஃபல்' என்று ஒரு நடை உண்டு, அதன் சாயல் இது. அதன் மேல் ஒரு தடித்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற சிறு மெட்டு, வந்து உட்காருகிறது. பிறகு அந்தக் குரல்: சுருதியை மேலே இழுத்து, கார்ட்டூன் பொம்மை பேசுகிற மாதிரி ஆக்கப்பட்ட குரல்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது? முதல் முறை கேட்கும்போது ஒரு வார்த்தையாவது புரிந்ததா? எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது ஒரு குறையாகவும் படவில்லை. ஏனென்றால் பிராக்ஸ்டன் அங்கே பாடவில்லை, குரலை வாசிக்கிறார். கிட்டாரைப் பெடலுக்குள் அனுப்பி உருமாற்றுவதைப் போலவே தொண்டையையும் அனுப்புகிறார், துண்டாக்குகிறார், அடுக்குகிறார். ஒலிப்பதிவில் நாலு வாத்தியங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று மனிதத் தொண்டையால் ஆனது. அவ்வளவுதான்.

ஆனால் மனிதக் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. எத்தனை வாத்தியங்கள் இருந்தாலும் குரல் என்று ஒன்று கேட்டுவிட்டால் அதன் பின்னாலேயே போகும். எவ்வளவு திரித்தாலும் குரல் குரல்தான். ஆகவே 'மிரர்ட்' கேட்பவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. மற்ற மூன்று பேரும் எவ்வளவு சிக்கலாகப் பின்னினாலும் நாம் அந்தப் பொம்மைக் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். கேள்வி கேட்டவர் பித்துப் பிடித்ததும் இந்தக் கதவு வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

2010 ஆகஸ்டில் பிராக்ஸ்டன் விலகிய செய்தி வந்தது. தன் தனி இசையில் முழுமூச்சாக இறங்கப் போகிறார் என்றார்கள். அதற்கு முந்தைய வருடமே 'சென்ட்ரல் மார்க்கெட்' என்று ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஒரு தனி ஆல்பம் செய்திருந்தார். ஆகவே வானத்திலிருந்து விழுந்த செய்தியல்ல. சங்கடம் என்னவென்றால், அடுத்த பேட்டில்ஸ் ஆல்பத்தின் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. மீதி மூன்று பேர் அவருடைய பகுதிகளை நீக்கிவிட்டு, இருப்பதை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ரோட் ஐலண்டில் பாடக்கெட் என்ற ஊரில் உள்ள மெஷின்ஸ் வித் மேக்னெட்ஸ் ஸ்டூடியோவில்தான் 'மிரர்ட்' பதிவானது. இந்த மறுகட்டுமானமும் அங்கேயே நடந்தது.

கட்டிய சுவரிலிருந்து ஒரு வரிசைச் செங்கல்லை உருவுவது போன்ற வேலை இது. லூப் இசையில் இன்னும் கஷ்டம். ஒரு கணக்குப் பாருங்கள். விளக்கத்துக்காகத்தான் சொல்கிறேன், எந்தப் பாட்டிலும் இதே எண்கள் இருப்பதாக அல்ல. ஒருவர் 4 அடி நீளமுள்ள லூப் போடுகிறார், இன்னொருவர் 5, மூன்றாமவர் 7. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கினால், மறுபடி மூன்றும் ஒன்றாகத் தொடங்கும் இடம் 140-வது அடி தாண்டித்தான் வரும். அதுவரை ஒவ்வொரு கணமும் புதுச் சேர்க்கை. இதில் 7 போட்டவர் எழுந்து போய்விட்டார் என்று வையுங்கள். 4-ம் 5-ம் 20 அடியிலேயே சந்தித்துவிடும். அதாவது அதே இரண்டு பேர் அதையே வாசித்தாலும் கேட்பவருக்கு 'சொன்னதையே சொல்கிறார்களே' என்ற அலுப்பு ஏழு மடங்கு சீக்கிரம் வரும். போனது மூன்றில் ஒரு பங்கு அல்ல.

ஆகவே மிச்சமிருப்பவர்கள் சும்மா அதே மாதிரி வாசித்துக்கொண்டிருக்க முடியாது. ஒன்று, வேறொருவரைக் கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அல்லது வாசிக்கும் முறையையே மாற்ற வேண்டும். பேட்டில்ஸ் முதல் வழியை எடுக்கவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை. பிராக்ஸ்டன் மாதிரி குரலைத் திரிக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்திருந்தால் காலமெல்லாம் அந்த ஆள் 'புது பிராக்ஸ்டன்' ஆகவே இருந்து கஷ்டப்பட்டிருப்பார்.

2011 ஜூனில் 'கிளாஸ் டிராப்' வந்தது. 12 தடங்கள். அதில் 8-ல் குரலே கிடையாது. மிச்சம் 4-ல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருந்தாளி: 'ஐஸ்க்ரீம்' தடத்தில் சிலியில் பிறந்த மத்தியாஸ் அகுவாயோ, 'மை மெஷின்ஸ்' தடத்தில் கேரி நியூமன், 'ஸ்வீட்டி அண்ட் ஷாக்' தடத்தில் பிளாண்ட் ரெட்ஹெட் குழுவின் கசு மகினோ, கடைசித் தடமான 'சண்டோம்' தடத்தில் போர்டம்ஸ் குழுவின் யமந்தகா ஐ.

இங்கேதான் நான் முதலில் சொன்ன விசித்திரம். இந்த நாலு தடங்களில் குறைந்தது முதல் மூன்றிலாவது குரல், பாடகரின் குரலாகவே இருக்கிறது. நியூமன் பாடினால் அது நியூமன்தான்; அந்த விறைப்பான, உணர்ச்சியை மறைக்கிற குரலை 1979-லிருந்து உலகம் அறியும். அவர் பாடும்போது மூன்று பேரும் பின்னால் நகர்ந்து இடம் விடுகிறார்கள். முன்பு நாலு பேரும் சம வரிசையில் நின்ற இடத்தில் இப்போது முன்னால் பாடகர், பின்னால் வாத்தியக்காரர்கள். இது பழைய ராக் அமைப்பு. பாடகரை இழந்த குழு, பாடகர் இருந்தபோது ஒருநாளும் செய்யாத பாட்டை அப்போதுதான் செய்தது.

குரல் இல்லாத 8 தடங்களில் நடந்தது வேறு. குரல் உட்கார்ந்திருந்த உயரத்தில் ஒரு வெற்றிடம். அதை நிரப்ப வில்லியம்ஸின் கிட்டாரும் கீபோர்டும் மேலே ஏறிவிட்டன. கரீபிய ஸ்டீல் ட்ரம் போலத் தளும்புகிற ஒரு ஒலி ஆல்பம் முழுக்க வருவதைக் கவனித்திருப்பீர்கள். 'மிரர்ட்' இரும்பும் கண்ணாடியும் என்றால் இது ஜவ்வுமிட்டாய். அட்டைப்படமும் அப்படித்தான்: இளஞ்சிவப்பில் உருகி வழிகிற ஒரு பொருள். அதைச் செய்தவர் கொனோப்கா. ஒரு குழுவின் ஒலி மாறியதை அட்டைப்படத்திலேயே இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர்கள் அதிகம் இல்லை.

ட்ரம்மர் அதே ஆள்தானே என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஆள் அதே ஆள். ஆனால் அவர் இப்போது சாய்ந்து நிற்கிற சுவர் வேறு. மூன்று லூப்களுக்கு நடுவில் அவருடைய வேலை பசை மாதிரி, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிப்பது. இரண்டு ஆனதும் அவருக்கு இடம் கிடைத்தது. 'வால் ஸ்ட்ரீட்' தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காது குரலைத் தேடிப் போகவில்லை, நேரே ஸ்நேர் ட்ரம்முக்குப் போகிறது. முன்பு குரல் பிடித்து வைத்திருந்த நம் கவனத்தை ட்ரம்ஸ் வாரிசாக வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடையில் என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவாரசியம். நாலு விருந்தாளிகளையும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே அவர்கள் பாடுவதைப் படமெடுத்து, குழுவுக்குப் பின்னால் பெரிய திரைகளில் ஓடவிட்டார்கள். மகினோவின் முகம் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாகத் திரையில் பாடும். கீழே மூன்று பேர் வியர்த்து வாசிப்பார்கள். சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. எனக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் இருந்திருக்க முடியாது என்று படுகிறது. முன்பே பதிவான குரல், நிற்காமல், மேடையில் இருப்பவர்களைக் கேட்காமல் ஓடுகிறது; ஸ்டேனியர் அதற்கு வாசிக்கிறார். அந்தத் திரையும் காதில்லாத ஒரு பெட்டிதான்.

2015 செப்டம்பரில் வந்த 'லா டி டா டி' ஆல்பத்தில் விருந்தாளிகளையும் விட்டுவிட்டார்கள். 12 தடங்கள், ஒன்றிலும் குரல் இல்லை. முதல் தடமான 'தி யாபா' கிட்டத்தட்ட ஏழு நிமிடம். லூப் ஒன்றை வைத்து, அதன் மேல் ஒன்றை வைத்து, ட்ரம்ஸ் எப்போது வரும் என்று காக்கவைத்துக் கட்டுகிற கட்டுமானம். இதைக் குழுவின் மிக நேர்மையான ஆல்பம் என்பேன். ஆனால் முழுதாக ஒரே மூச்சில் கேட்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு தடத்துக்கு மேல் காது ஒரு முகத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்து 2018-ல் கொனோப்காவும் விலகினார். இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஏனென்றால் அவர் பாடவில்லை. என் கணிப்பில் ஒலி மாற்றம் என்று பார்த்தால் பிராக்ஸ்டன் போனதைவிட இதுதான் பெரிய அடி. தாழ்ந்த பேஸ் ஒலி, மெதுவாகச் சுற்றுகிற அடிப்படை லூப் எல்லாம் அவர் கையில் இருந்தன. பிராக்ஸ்டன் போனபோது கூரை போனது. இவர் போனபோது தரை போனது. மிஞ்சியது வில்லியம்ஸும் ஸ்டேனியரும் மட்டும். 2019 அக்டோபரில் வந்த 'ஜூஸ் பி கிரிப்ட்ஸ்' அந்த இரண்டு பேர் ஆல்பம். 11 தடங்கள், மறுபடி விருந்தாளிகள்: யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன், ஷபாஸ் பேலஸஸ், ட்யூன் யார்ட்ஸ், செனியா ரூபினோஸ், லிக்விட் லிக்விட் குழுவின் சால் பிரின்சிபாட்டோ. இரண்டு பேர் வீட்டில் இருபது பேருக்குப் பந்தி போட்ட மாதிரி நெரிசல். ஒலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து மூச்சுவிட இடமில்லை. ஆள் குறையக் குறைய ஒலி மெலியும் என்றுதானே நினைப்போம்? இங்கே தடித்துக்கொண்டே போகிறது. இன்னொரு மனிதன் எதிரில் இருந்தால் "போதும், இங்கே விடு" என்று கண்ணாலேயே சொல்வான். லூப் பெட்டி சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. எல்லா மாற்றத்தையும் போனவர் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் மோக்வாய் குழுவிலிருந்து கிட்டார் வாசிப்பாளர் ஜான் கம்மிங்ஸ் 2015-ல் விலகினார். 2017-ல் வந்த 'எவ்ரி கண்ட்ரிஸ் சன்' வேறு மாதிரி ஒலித்தது. அவர் போனதால்தான் என்று சிலர் உடனே சொன்னார்கள். ஆனால் அந்த ஆல்பத்துக்கு டேவ் ஃப்ரிட்மன் திரும்பி வந்திருந்தார், 1999-லும் 2001-லும் அவர்களோடு வேலை செய்த அதே தயாரிப்பாளர். ஒலி மாறியதில் அவருக்குப் பங்கு இல்லையா? பேட்டில்ஸ் விஷயத்தில் 'மிரர்ட்', 'கிளாஸ் டிராப்' இரண்டும் ஒரே ஸ்டூடியோ என்பதால்தான் நான் இவ்வளவு துணிச்சலாக ஆள் மாற்றத்தைக் காரணம் காட்டுகிறேன். இன்னொன்றும் உண்டு, போனவர்கள் திரும்பி வந்து அடிப்பது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷாடோஸ் என்ற வாத்தியக் குழுவை விட்டுப் போன ஜெட் ஹாரிஸும் டோனி மீஹனும் சேர்ந்து வெளியிட்ட 'டைமண்ட்ஸ்', 1963 தொடக்கத்தில் பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. கீழே தள்ளியது யாரை? ஷாடோஸையேதான்.

பிராக்ஸ்டன் அப்படி யாரையும் தள்ளவில்லை. போன பிறகு 'ஹைவ்' என்ற படைப்பைச் செய்தார். தாள வாத்தியங்களும் மாடுலர் சிந்தசைசரும் (தனித்தனி மின்கருவிகளை இணைத்து ஒலி உண்டாக்கும் வாத்தியம்) கலந்தது. அவர் போய்க் குழு பாட்டுப் பக்கம் நகர்ந்தது, அவரோ பாட்டை விட்டே விலகிப் போனார். 'மிரர்ட்' குரலைப் பாட்டு என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சி. வாத்தியம் என்று நினைத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கேட்டவருக்கு என் யோசனை: 'அட்லஸ்' முடிந்ததும் நேரே 'ஐஸ்க்ரீம்' போடாதீர்கள். நடுவில் 2004-ன் இ.பி.க்களிலிருந்து ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பிறகு 'கிளாஸ் டிராப்'பின் முதல் தடமான 'ஆஃப்ரிகாஸில்'. அதன் தொடக்கத்தில் கிட்டார் லூப்கள் மெல்லச் சேர்ந்துகொண்டே வரும், ட்ரம்ஸ் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் உங்கள் காது எதைத் தேடுகிறது என்று மட்டும் பாருங்கள். பொம்மைக் குரலைத் தேடினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து மறுபடி போடுங்கள். ஸ்டேனியர் எப்போது வருவார் என்று தேடினால், மிச்சம் 11 தடங்களையும் அப்படியே ஓடவிடுங்கள்.